சிவப்புச் சேவலின் கறுப்பு எலும்பு

மாசி 11, ஞாயிறு.

இன்று நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வந்தது. நான் வளர்த்த சிவப்புச் சேவலை அறுத்தோம். கொண்டை சிவப்பு, கால் மஞ்சள். சுத்தமான நாட்டுச் சேவல் என்றுதான் காலைவரை நினைத்திருந்தேன். வைக்கோல் தீயில் வாட்டி, மஞ்சள் தடவி, மாமியார் அரிவாள்மணையில் துண்டு போட்டார். எலும்பெல்லாம் மை பூசியதுபோல் கறுப்பு.

"இன்னாடி இது? வெசத்தத் தின்னுட்டுதா? கொண்டு போயி பொதச்சிடு!" என்றார்.

மணலூர்பேட்டை கால்நடை டாக்டருக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் செய்தார்.

"வூட்ல எப்பனா கருங்கோழிச் சேவல் வெச்சிருந்தீங்களாம்மா?"

வைத்திருந்தோம். போன வருடம் சின்னசேலம் சந்தையில் வாங்கியது. வந்த இருபதாம் நாள் நாய் கடித்துச் செத்தது.

"கருங்கோழிக்கு எலும்பே கறுப்புதாம்மா. அதோட புள்ளதான் இது. தாய் நாட்டுக்கோழி, அதான் வெளிய தெரியல. பயப்படாம சாப்புடுங்க."

குஞ்சு பொரிவதற்கு முன்பே அப்பன் போய்விட்டது. மற்ற கோழிகள் தின்ற அதே கம்பு, அதே தவிடுதான் இதுவும் தின்றது. கண்ணால்கூடப் பார்க்காத அப்பனை இத்தனை மாதம் எலும்புக்குள் வைத்துக்கொண்டு என் காலைச் சுற்றி மேய்ந்திருக்கிறது.

குழம்பு வைத்தேன். "கடைக்கறி மாரி கொழகொழன்னு இல்ல, நல்லா கெட்டியா இருக்குது" என்று நாத்தனார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மாமியார் ரசம் ஊற்றிக்கொண்டார்.

இன்று அறுத்த சேவலோடு சேர்ந்த பெட்டை இட்ட முட்டைகள் ஒன்பது அடையில் இருக்கின்றன. சற்றுமுன் போய் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

ஒன்பதும் ஒரே மாதிரி இருக்கின்றன.