ஆற்று மணலில் உன் முடிச்சு

நவுசோரி,
மார்ச் 2001

அன்புள்ள ருக்மணிக்கு,

கோவிந்த் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான். ஆக்லாந்தில் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தமிழில் எழுதினால் நம் மகள் நிலேஷ்னிக்குப் படிக்க வராது. நல்லதுதான், இது உனக்கு மட்டும்.

பக்கத்து வீட்டுச் சிவனும் பிரிஸ்பேன் போய்விட்டான். போன வருஷம் இந்தத் தீவில் இந்தியர்களை விரட்டி அடித்த கலகத்துக்குப் பிறகு நம் தெருவில் விளக்கு எரியும் வீடு குறைந்துகொண்டே வருகிறது. அவன் நாய் நம் வாசலில்தான் கிடக்கிறது. அதற்கும் சேர்த்து ரொட்டி சுடுகிறேன். என் ரொட்டியை நாய்கூட யோசித்துத்தான் தின்கிறது.

மகள் ஆசையாக வளர்த்து விட்டுப்போன கண்ணாடி இறால் தொட்டியில், கடையில் வாங்கிய கற்களின் நீலச் சாயம் உரிய ஆரம்பித்தது. போனில் அவளிடம் சொன்னேன். கற்களை எடுத்துவிட்டு ஆற்று மணல் போடுங்கள் பப்பா, வினிகர் விட்டால் நுரைக்கக் கூடாது, கடற்கரை வெள்ளை மணல் வேண்டவே வேண்டாம், அதில் சுண்ணாம்பு இருக்கும், இறாலுக்கு ஆகாது என்றாள். இறால்களும் போய்விட்டால் நான் அங்கே திரும்பி வர என்ன இருக்கிறது என்று சிரிக்கவும் செய்தாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். எனக்குத் தைத்துவிட்டது.

நல்ல மணலாக இருக்கட்டும் என்று, கோயிலுக்குப் பின்னால், இந்த ஆற்றையே கங்கையாக நினைத்து நாம் பூஜை செய்யும் துறையில் அள்ளினேன். வினிகருக்கு நுரைக்கவில்லை. கூடவே பச்சை பூத்த செம்புக் காசுகள் வந்தன. கங்கையம்மாவுக்குப் போட்டதைப் பொறுக்கி வெளியே வைக்க மனம் வரவில்லை. தண்ணீருக்குக் கொடுத்தது தண்ணீரிலேயே கிடக்கட்டும் என்று மணலோடு தொட்டியில் பரப்பிவிட்டேன். மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்றும் இருந்தது. நீ இடக்கைக்காரி, உன் முடிச்சு எனக்குத் தெரியாதா? குடும்பம் மறுபடி ஒரே வீட்டில் சேர வேண்டும் என்று, விமானம் ஏறப்போகும் அன்று காலையில் நீ போட்டது. அதைத் தொட்டியின் நடுவில் வைத்தேன். அன்று சந்தோஷமாக இருந்தது.

மறுநாளே இறால்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மகளிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். செம்பு இறாலுக்கு விஷம் என்றாள். பக்தியில் போய்க் கொன்றிருக்கிறேன், ருக்மணி.

துறைக்கு வெகுதூரம் மேலே போய் வேறு மணல் எடுத்து, அரிசி களைவது போலக் களைந்து போட்டிருக்கிறேன். மிஞ்சியது ஒன்றே ஒன்று, வயிற்றில் முட்டையோடு. புது மணலில் ஒரு அடி வைப்பதற்குள் நாலு தரம் தடவிப் பார்க்கிறது. நிலேஷ்னி கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று சொல்.

நான் அங்கே வருவதற்கு உன் தம்பி பல்ராம் அனுப்பிய விசா தாள்கள் வந்தன. வீட்டை விலைக்குக் கேட்டும் ஆட்கள் வந்து போகிறார்கள். யாருக்கும் பதில் சொல்லவில்லை. மற்றக் காசுகளை ஆற்றிலேயே விட்டுவிட்டேன். உன்னுடையது மட்டும் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. துணி இற்றுவிட்டது, முடிச்சு அவிழவில்லை. வேண்டிக்கொண்டவள்தானே அதை அவிழ்க்க வேண்டும்? நீ இங்கே வருகிறாயா, நான் அங்கே எடுத்து வரட்டுமா? எதுவானாலும் சீக்கிரம் சொல்லிவிடு.

அம்மன் உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் கோவிந்த்