இறக்கி வைத்த பெட்டிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

போன வாரம் எங்கள் சின்ன விமானத்தில் முதலாளி வீட்டுச் சாமான்களால் எடை கூடிவிட்டது. "ஃபியூயலைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்றார் முதலாளி. "அதுல மட்டும் கை வைக்க மாட்டேங்க" என்று சிரித்தபடியே கேப்டன் தன் பெட்டியையும் என் பெட்டியையும் இறக்கி வைத்துவிட்டார். போன இடத்தில் நான்கு நாளும் ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டோம். என்ன மனுஷர் அம்மா!

பெரிய ஏர்லைன்ஸ் ஒன்று வேலைக்கு அழைத்திருக்கிறது. அங்கே போனால் வீட்டுக்கு வரும் தேதியை முன்கூட்டியே சொல்லலாம், இங்கே முடியாது. ஆனாலும் இந்தக் கேப்டன் பக்கத்துச் சீட்டிலேயே இன்னும் ஒரு வருஷம் பறக்கிறேனே. அப்பாவிடம் பக்குவமாகச் சொல்.

கேப்டன் கூப்பிடுகிறார். கைப்பையில் வைத்துக்கொள்ள இரண்டு வெள்ளைச் சட்டை அனுப்பு. புதிதென்றாலும் நம் வீட்டுச் சோப்பில் ஒருமுறை துவைத்து அனுப்பு.

உன் மகன்