அறை எண் 14-க்குத் தையல் இயந்திரம் வேண்டி

அனுப்புநர்
உளவியல் ஆலோசகர் (ஒப்பந்தப் பணி),
பெண்கள் போதை மீட்பு மற்றும் மனநல சிகிச்சைப் பிரிவு,
அறை எண் 14, புறநோயாளிகள் கட்டடம், தரைத்தளம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
அரசு பொது மருத்துவமனை,
நிர்வாகக் கட்டடம், இரண்டாம் தளம்.

பொருள்: அறை எண் 14-இன் வாசலிலிருந்து அகற்றப்பட்ட தையல் இயந்திரத்தைத் திரும்ப வழங்கவும், புதிய பெயர்ப்பலகையைக் கழற்றவும், நோயாளி ஒருவரின் கணவர் பெயருக்கு நாளை தபாலில் சேர்க்கப்படவுள்ள நீக்கக் கடிதத்தை நிறுத்தவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: விளக்கம் கோரி நிர்வாக அலுவலர் எனக்கு அளித்த குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட பிரிவில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். குடியிலிருந்தும் தூக்க மாத்திரையிலிருந்தும் வெளியே வரப் பாடுபடும் பெண்களுக்கு ஆலோசனை வழங்குவது என் வேலை. என்னுடன் பதினோரு ஆண்டு அனுபவமுள்ள மூத்த ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். இதே கோரிக்கைக்காக அவர் கடந்த ஐந்து வாரங்களில் நான்கு கடிதங்கள் எழுதிவிட்டார். நான்கும் பரிசீலனையில் உள்ளன. ஐந்தாவதை எழுதலாமா என்று கேட்டபோது, "நீ எழுதும்மா. என் கையெழுத்தைப் பாத்தாலே ஃபைலை மூடிடறாங்க" என்றார். ஆகவே நான் எழுதுகிறேன்.

2. முதலில் ஓர் ஒப்புதல். எங்கள் அறை வாசலில் இருந்த தையல் இயந்திரத்தில் எவரும் தைத்ததில்லை. மருத்துவமனைத் துணிப் பிரிவில் கழித்துக்கட்டிய கால்மிதி இயந்திரம் அது. ஆறு ஆண்டுகளுக்கு முன் மூத்த ஆலோசகர் அதைக் கேட்டு வாங்கி வாசலில் போட்டார். அதற்கு ஊசி உண்டு, சக்கரம் உண்டு, பெல்ட் கிடையாது. பக்கத்தில் ஒரு துணிக்கூடை. கதவில் 'பயிற்சி அறை' என்று ஒரு தாள். அவ்வளவுதான். பொய்தான், ஐயா. ஆனால் அந்தப் பொய்யின் வழியாகத்தான் பெண்கள் எங்கள் அறைக்குள் வந்தார்கள்.

3. ஆண் குடித்தால் அதைப் பழக்கம் என்கிறார்கள். அவன் சிகிச்சைக்கு வந்தால் திருந்திவிட்டான் என்று அண்ணனும் தம்பியும் இருபுறமும் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறார்கள். பெண் குடித்தால் அதற்குச் சொல்லப்படும் பெயர்களை அலுவலகக் கடிதத்தில் எழுத முடியாது. அவள் சிகிச்சைக்கு வருவது வீட்டுக்குத் தெரிந்தால் குடித்தது தெரிந்துவிடும். தெரியாமல் வர வேண்டுமானால் வாரத்தில் இரண்டு மணி நேரம் எங்கே போனாள் என்பதற்கு ஒரு பதில் வேண்டும். தையல் வகுப்பு என்பது யாரும் மறுகேள்வி கேட்காத பதில். துணிப்பையோடு வந்தார்கள், துணிப்பையோடு போனார்கள். ஐந்து வாரங்களுக்கு முன் எங்கள் பதிவேட்டில் நாற்பத்தொரு பெண்கள் இருந்தார்கள். இன்று பதினேழு பேர்.

4. அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவரைப் பற்றியது இந்த மனு. இது எத்தனை மேசைகளைக் கடந்து தங்களிடம் வரும் என்று எனக்குத் தெரியாததால் அவர் பெயரை எழுதவில்லை. குழுவில் மற்ற பெண்கள் அவரைப் 'பட்டன் அக்கா' என்பார்கள். முதல் நாள் வெறும் கையோடு கிளம்பக் கூடாதே என்று கணவரின் சட்டையிலிருந்து ஒரு பட்டனைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "ஒரு பட்டன் தைக்க ஒரு கிளாஸா?" என்று அறை முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். எங்கள் அறையில் முதல் நாளே சிரித்தவர்கள் மிகக் குறைவு.

5. அவருக்கு முப்பத்து நான்கு வயது. பேக்கரி ஒன்றில் ரொட்டி அடுக்கும் வேலை. எட்டு வயதில் ஒரு மகள். கணவர் வாங்கி வைக்கும் பாட்டிலிலிருந்து குடித்துவிட்டு, குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பது அவருடைய நான்கு ஆண்டுப் பழக்கம். சரக்கில் போதை ஏறவே இல்லையே என்று கணவர் கடைக்குப் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். "அவரு சட்டையைப் பிடிச்சதுல கடைக்காரரு ரெண்டு பாட்டில் சும்மா குடுத்தாரு டீச்சர். அதையும் நான்தான் குடிச்சேன்" என்று அவர் சொன்னபோது குழுவே குலுங்கியது. அதன் பிறகு அவர் அழுதார். எங்களை அவர்கள் டீச்சர் என்றுதான் அழைப்பார்கள். வீட்டில் வாய் தவறினாலும் காப்பாற்றும் சொல் அது.

6. வகுப்பு என்றால் வீட்டில் காட்ட ஏதாவது வேண்டுமல்லவா? மதிய உணவு இடைவேளையில் நானே கையால் தலையணை உறைகள் தைத்து இவர்களிடம் கொடுத்தனுப்பினேன். எனக்குத் தைக்கத் தெரியாது. பட்டன் அக்காவுக்குக் கொடுத்த உறையை நான்கு பக்கமும் மூடித் தைத்துவிட்டேன். இரண்டு நாளில் அவருடைய மாமியார் அந்த உறையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே இங்கு வந்துவிட்டார். "நாலு பக்கமும் தைச்சா தலையணையை எந்தப் பக்கமா விடறது? சொல்லிக் குடுக்கறவங்களுக்கே தெரியலைன்னா இவ என்னத்தக் கத்துக்குவா?" என்று கேட்டார். பிறகு இயந்திரத்தைக் குனிந்து பார்த்தார். "பெல்ட்டு எங்க?" மூத்த ஆலோசகர் கண் இமைக்காமல், "இன்னிக்குக் காலையிலதாம்மா அறுந்துச்சு" என்றார். மாமியார் எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஒரு பக்கத் தையலைப் பிரித்து, ஓரம் மடித்துக் காட்டிவிட்டுப் போனார். அன்று நாங்கள் தப்பித்துவிட்டதாக நினைத்தோம்.

7. ஐந்து வாரங்களுக்கு முன் நிர்வாக அலுவலர் ஆய்வுக்கு வந்தார். இருப்புப் பதிவேட்டில் இல்லாத பயன்பாடற்ற பொருள் என்று இயந்திரத்தை எடுத்துப்போகச் செய்தார். என் மேசை இழுப்பறையில் பாதி தைத்த உறையைக் கண்டு, "இது ஆஸ்பத்திரியா, டெய்லர் கடையா?" என்றார். நாங்கள் விளக்கினோம். "ஒளிச்சு ஒளிச்சு வெச்சா விழிப்புணர்வு எப்பம்மா வரும்? நோய்தானே, இதுல என்ன வெக்கம்?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மேடையில் நின்று சொன்னால் நானும் கைதட்டுவேன். ஆனால் வெட்கப்படாமல் இருப்பதற்கான விலையை அவரிடம் எவரும் கேட்கப் போவதில்லை. அடுத்த வாரமே வாசலுக்கு மேல் பலகை ஏறியது. 'பெண்கள் குடி மற்றும் போதை மீட்புப் பிரிவு'. ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம். சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர் கண்ணாடி போடாமலே படிக்கலாம்.

8. பட்டன் அக்கா அந்த நிறுத்தத்தில்தான் இறங்குவார். பலகை ஏறிய பின் வந்த செவ்வாய்க்கிழமை அவர் இறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துணிப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். மறு வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் நான் சாலையைக் கடந்து போனேன். "என்னைப் பாக்காதீங்க டீச்சர். ரோட்டைப் பாத்துப் பேசுங்க" என்றார். இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினோம். குடிக்காமல் எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். "தொண்ணூத்தாறு. நேத்து சாயங்காலம் தொண்ணூத்தஞ்சோட நின்னுடும்னு நெனச்சேன். நிக்கலை" என்றார். இருபது நிமிடம் பேசினோம். என் பணிக் காலத்தில் நான் நடத்திய நல்ல அமர்வுகளில் அது ஒன்று. அறைக்கு வெளியே நடந்ததால் பதிவேட்டில் அதை எழுத இடமில்லை. விதிப்படி அவர் மூன்று வாரம் தொடர்ந்து வரவில்லை.

9. மூன்று வாரம் வராதவர் பெயர் நீக்கப்படும், மாத்திரை நிறுத்தப்படும், வீட்டுக்குக் கடிதம் போகும். ஆண்கள் பிரிவில் அந்தக் கடிதம் நோயாளியின் பெயருக்கே போகிறது. அதற்கும் முன்பு தொலைபேசியில் அழைத்து, 'ஏன் சார் வரலை?' என்று கேட்கிறார்கள். பெண்கள் பிரிவில் கடிதம் குடும்பத் தலைவர் பெயருக்குப் போகிறது. உறையின் மேல் எங்கள் பிரிவின் பெயர் முழுவதுமாக அச்சிடப்பட்டிருக்கிறது. திறக்கக்கூட வேண்டாம். சென்ற ஆண்டு இப்படி ஒரு கடிதம் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனது. அவருடைய அண்ணன் வாசலில் நின்று தெரு கேட்கப் படித்தாராம். அந்தப் பெண்ணின் தொலைபேசி எண் இப்போது உபயோகத்தில் இல்லை. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் எங்களுக்குத் தெரியாது. பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'சிகிச்சையில் ஆர்வமின்மை' என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது நான்தான். அந்தக் கட்டத்தில் எழுத வேறு வாசகம் அனுமதிக்கப்படவில்லை.

10. இந்த வாரம் செவ்வாய்க்கிழமை பஸ்ஸிலிருந்து பட்டன் அக்கா இறங்கவில்லை. மாமியார் இறங்கினார். வாசலில் இயந்திரத்தைக் காணாமல், காவலாளியிடம் தையல் வகுப்பு எங்கே என்று கேட்டிருக்கிறார். "தையல் கிளாஸா? மேல போர்டைப் பாருங்கம்மா. தண்ணி போடற பொம்பளைங்க வர்ற இடம் இது" என்றாராம் அவர். மாமியார் அதற்குப் பிறகும் உள்ளே வந்து உட்கார்ந்தார். இங்கு யார் வருகிறார்கள் என்பதை நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை என்றோம். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன், கேளுங்க" என்றார். அவர் சொன்னதை என்னால் இயன்றவரை அப்படியே தருகிறேன்:

"கிராம்பை மென்னுக்கிட்டே சமைக்கிறவளை நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? பெல்ட்டு இல்லாத மிஷினைப் பாத்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, இங்க ஒருத்தரும் தைக்கலைன்னு. அவமேல பாசத்துல வந்திருக்கேன்னு நெனச்சுக்காதீங்க. மூணு மாசமா என் பேத்தி தலை வாரி, சாப்பிட்டு, நேரத்துக்கு ஸ்கூலுக்குப் போறா. அது நின்னுடக் கூடாது. என் பையனுக்குத் தெரிஞ்சா பிள்ளையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு இவளை வெளிய தள்ளுவான். தள்ளிட்டு அவனே ஒரு பாட்டிலோட உக்காருவான். பெத்தவ எனக்குத் தெரியாதா? மிஷினை எடுத்த எடத்துல வையுங்க. நானும் கத்துக்கறேன்னு சொல்லி வாராவாரம் நானே கூட்டிக்கிட்டு வரேன். கடுதாசி கிடுதாசி மட்டும் போட்டுறாதீங்க."

பிறகு பையிலிருந்து எதையோ எடுத்து மேசை மேல் வைத்தார். தையல் இயந்திரத்துக்கான புதுத் தோல் பெல்ட். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நாலு பக்கமும் தைச்சது நீதானே? மூஞ்சியிலயே எழுதியிருக்கு" என்றார்.

11. குறிப்பாணைக்கு என் விளக்கம்: பணியிடத்தில் துணி தைத்தேன், உண்மை. பணி நேரத்தில் இருபது நிமிடம் பஸ் நிறுத்தத்தில் இருந்தேன், அதுவும் உண்மை. பதிவேட்டில் இல்லாத பொருளை வாசலில் வைத்திருந்தோம், உண்மை. குறிப்பாணையில் இல்லாத இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். மேற்படி நீக்கக் கடிதம் நேற்றுத் தயாராகி, நாளைய தபாலுக்கான தட்டில் இருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன். தபால் பிரிவு எழுத்தருக்கு இதில் பங்கில்லை. அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். கடிதத்தைக் கிழித்துப்போட எனக்கு மனம் இருந்தது, அதிகாரம் இல்லை. தங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே ஒட்டியது ஒட்டியபடி, இன்னோர் உறைக்குள் வைத்து, தங்கள் கையில் மட்டுமே சேருமாறு நானே நேரில் கொண்டுவந்திருக்கிறேன்.

12. தங்களிடம் வேண்டுவது மூன்று. இந்தக் கடிதம் அனுப்பப்படாமல், பட்டன் அக்காவின் பெயர் மீண்டும் பதிவேட்டில் சேர்க்கப்பட வேண்டும். அவர் கடைசியாக வாங்கிப்போன மாத்திரை திங்கட்கிழமை வரைக்குத்தான் வரும். இனி எங்கள் பிரிவின் கடிதங்கள் எதுவும், ஆண்களுக்கு உள்ளதுபோல, நோயாளியின் அனுமதியின்றி வேறெவர் பெயருக்கும் போகக் கூடாது. பலகையைக் கழற்றிவிட்டு இயந்திரத்தைத் திரும்பத் தர வேண்டும். அது இப்போது பழைய கட்டில்களோடு பின்கட்டுக் கிடங்குக்கு வெளியே மழையில் நனைகிறது. தூக்கிவர ஆள் தேவையில்லை. மூத்த ஆலோசகரும் நானும் தூக்கிக்கொள்வோம். விழிப்புணர்வுக்குப் பலகை அவசியம் என்றால், ஆண்கள் பிரிவின் வாசலில் அதே அளவில் ஒன்று வைத்துத் தொடங்கலாம். அவர்கள் தாங்குவார்கள்.

என்மீது எடுக்கவிருக்கும் நடவடிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா. அதற்கு அவசரமில்லை. என் ஒப்பந்தம் எப்படியும் ஆண்டு முடிவில் முடிகிறது. வரும் செவ்வாய்க்கிழமை பதினொரு மணி பஸ்ஸுக்கு முன் மற்ற மூன்றையும் செய்துதருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த பஸ்ஸில் இரண்டு பேர் வருவார்கள்.

தங்கள் பதிலுக்கு வெளி வராந்தா பெஞ்சிலேயே காத்திருக்கும்,

(ஒப்பம்)
உளவியல் ஆலோசகர், அறை எண் 14

இடம்: இயக்குநர் அலுவலக வராந்தா
நாள்: 14ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை 9.40

இணைப்பு:
1. குறிப்பாணையின் நகல்.
2. நீக்கக் கடிதம், பிரிக்கப்படாதது.
3. தோல் பெல்ட் இணைக்கப்படவில்லை. அது எங்களுக்கு வேண்டும்.