எட்டாம் பெட்டியிலிருந்த கடிதம்

1995 ஜூலை 1, சனி

மழை. விடியப்புறம் தொடங்கியது, இன்னும் விடவில்லை. ஒடாஹுஹுவில் மார்கரெட் வீட்டுக் கராஜில் ஏழு மணித்தியாலம். முதுகு போய்விட்டது.

நிறவெறி எதிர்ப்புக் குழுவின் இருபது வருஷக் கடதாசிகள், ஒன்பது மட்டைப்பெட்டிகளில். குழு கலைந்தாயிற்று. தென்னாபிரிக்காவில் தேர்தல் நடந்து கறுப்பர்கள் வென்றபின் இங்கே ஊர்வலம் எதற்கு. மார்கரெட்தான் கடைசிவரை செயலாளர். இப்போது வீட்டை விற்றுவிட்டு புக்கெகோஹிக்கு மகளிடம் போகிறாள். 11ஆம் திகதி நூலகத்து வான் வந்து பெட்டிகளை எடுக்கும். அதற்குள் ஒவ்வொன்றுக்கும் பட்டியல் வேண்டும். மா.வுக்கு இரண்டு கண்ணிலும் புரை. நான் ஆஸ்பத்திரிப் பதிவேட்டுப் பகுதியில் வேலை செய்கிறவள் என்பதால் என் தலையில் கட்டிவிட்டாள். 7, 8, 9 முழுக்க என் பொறுப்பு. நீ எழுதுவதுதான் பட்டியல், நான் பார்க்கப்போவதில்லை என்றாள்.

பெட்டி 7:
– தென்னாபிரிக்கப் பழம் வாங்காதீர், துண்டுப்பிரசுரம், இரண்டு கட்டு. ஒரு கட்டு எலிக்கு.
– கூட்டக் குறிப்புகள். பாதிக் கூட்டம் தேநீர்க் கோப்பை யார் கழுவுவது என்ற சண்டை.
– மோ. சைக்கிள் ஹெல்மெற் 1. பொலிஸ் பொல்லடியில் வெடித்தது. (இதைப் பட்டியலில் எப்படி எழுதுவது? கேட்க.)
– பாதி சாண்ட்விச், கல்லாகிவிட்டது. பட்டியலில் இல்லை.

ஆஸ்பத்திரியில் எங்கள் பகுதிப் பொறுப்பாளர் நேற்றுத் தேநீர் நேரம் சொல்கிறார், எண்பத்தொன்றில் தென்னாபிரிக்க ரக்பி அணி வந்தபோது தானும் ஊர்வலம் போனாராம். அப்போதும் நான் அதே அறையில்தான் இருந்தேன். ஊர்வலக்காரரின் மண்டையை இன்னும் நன்றாக உடைத்திருக்கவேண்டும் என்றார், இதே வாயால், இதே கோப்பையோடு. இப்போது இந்த ஊரில் ஊர்வலம் போகாதவர் ஒருவரும் இல்லை. அப்படியென்றால் எங்களுக்கு முட்டை எறிந்தது யார்?

('எங்களுக்கு' என்று எழுதிவிட்டேன். நான் ஊர்வலம் போனது எண்பத்து மூன்றில்தான். சரி.)

மூன்று மணிக்குப் பெட்டி 8. 'வந்த கடிதங்கள், 81' என்று ஒரு கோவை. பெரும்பாலும் வசை. ஒருவர் கழிவறைக் கடதாசியில் எழுதியிருக்கிறார். அதற்கு நடுவே, சுத்தமான தாளில், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் முத்திரையோடு ஒன்று.

ஆங்கிலத்தில். சாரம் இது. உங்கள் ஊர்வலத்தைப் பற்றிய பத்திரிகைப் படத்தில் பதாகை பிடித்திருக்கும் தர்மலிங்கம் என்பவர் எங்கள் சங்க அங்கத்தவர் அல்ல. எங்கள் சமூகத்தின் தரத்துக்கு உரியவரும் அல்ல. இந்நாட்டின் விருந்தினரான நாம் விளையாட்டில் அரசியல் கலப்பதை விரும்புவதில்லை. இப்படிக்கு, பரமசாமி, தலைவர். நகல்: மேற்படியார் வேலை செய்யும் இறைச்சித் தொழிற்சாலையின் முகாமையாளருக்கு.

தர்மு அங்கத்தவன் அல்லவாம். எங்கள் பிள்ளைகளின் சரஸ்வதி பூசைக்கு மேடை அடித்துத் தந்தது யார்? மாடு வெட்டுகிற இடத்தில் வேலை என்று அவனைப் சாமிப் படத்தட்டுக்குக் கிட்டே மட்டும் விடவில்லை. மேடை அடிக்கலாம், மேடையில் ஏறக்கூடாது. அதுவும் இவர்கள் நிறவெறியைப் பற்றி அபிப்பிராயம் எழுத வந்துவிட்டார்கள்.

சீ. கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.


ஜூலை 3, திங்கள்

குளிர். காரின் கண்ணாடியில் பனி, சுடுதண்ணீர் ஊற்றினேன். (ஊற்றக்கூடாது என்று இவர், என் மனுஷன், கத்தினார்.)

வேலையில் இரண்டு கோவை காணவில்லை, பிறகு தவறான தட்டில் கிடைத்தன.

பின்னேரம் பரமசாமி அண்ணை ரெலிபோன். அன்றும் தலைவர், இன்றும் தலைவர். மார்கரெட்டின் பெட்டிகள் நூலகத்துக்குப் போவதாகக் கேள்விப்பட்டாராம். நவம்பரில் தென்னாபிரிக்காவிலிருந்து அவர் வருகிறார் அல்லவா, சிறையிலிருந்து வந்து ஜனாதிபதியானவர். வரவேற்பில் எங்கள் சங்கமும் நிற்க விண்ணப்பித்திருக்கிறார்களாம். அந்தச் சமயம் நூலகம் இந்தப் பெட்டிகளிலிருந்து கண்காட்சி வைக்கும். ஆரம்பத்திலிருந்தே நாங்கள் மார்கரெட்டின் குழுவோடு தோளோடு தோள் நின்றோம் என்று விண்ணப்பத்தில் எழுதியாகிவிட்டதாம்.

தோளோடு தோள். சிரிப்பு வந்தது, இருமினேன்.

பிறகு மெல்ல, பழைய கடிதம் ஒன்று கண்ணில் பட்டதா என்று. பட்டது என்றேன். புதன்கிழமை நேரில் வருகிறாராம்.

வாங்க: பால், பருப்பு, மகளின் பாடசாலைக்கு நீலக் காலுறை.


ஜூலை 5, புதன்

ப. வந்தார். கையில் அவர் மனைவி சுட்ட பயற்றம்பணியாரம், ஒரு டப்பா நிறைய. கோட்டைக் கழற்றாமலே இருந்தார்.

அது வேறு காலம் என்றார். அப்போது பதினைந்து குடும்பம், எல்லோருக்கும் விசாப் பயம். அந்த ஒற்றைக் கடதாசியால் முழுச் சமூகத்துக்கும் வெட்கக்கேடு. குப்பையில் போடச் சொல்லவில்லையாம், 'தனியாக எடுத்து வைத்தால்' போதுமாம். ஆஸ்பத்திரியில் ஒரு கோவையிலிருந்து ஒரு தாளை எடுத்தால் எனக்கு வேலை போகும் என்றேன். இது ஆஸ்பத்திரி இல்லையே என்றார். நகல் அனுப்பினீர்களே, அந்த முகாமையாளர் தர்முவை என்ன செய்தார் என்று கேட்டேன். தெரியாதாம். கேட்டுப் பார்க்கவில்லையாம்.

இவர் கதிரையில் இருந்து தொலைக்காட்சியில் காலநிலை பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "ஹூ கேர்ஸ், அம்மா?" என்றுவிட்டு இரண்டு பணியாரத்தோடு போனாள்.

வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே ப. சொன்னது:

"அடியில உங்கட எழுத்தும் கிடக்கு, தங்கச்சி. அதையும் யோசிச்சுப் பாருங்கோ."

கிடக்கிறதுதான். சனிக்கிழமையே பார்த்தேன். இடது கீழ் மூலையில், அந்தக் காலத்து அலுவலக வழக்கப்படி, கையொப்பம் வைத்தவரின் முதலெழுத்துகள் பெரிதாக, ஒரு சாய்கோடு, தட்டச்சு செய்தவளுடையவை சிறிதாக. எஸ்.டி. நான்தான்.

கடிதத்தின் சாரம் முழுவதையும் இங்கே எழுதி வைத்துவிட்டு அந்த இரண்டு எழுத்தை மட்டும் விட்டிருக்கிறேன். யாரும் வாசிக்காத கொப்பியில். யாருக்கு ஒளித்தேன்?

இவர் அப்போது சங்கத்தின் உபசெயலாளர். பேனையால் எழுதிய பிரதியைக் கொண்டுவந்து தந்தார். மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரி மெஷினில் அடித்தேன். ஒரு பிழை இல்லை. தர்முவின் பெயர் வந்தபோது கை நின்றது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நிற்கவில்லை. அன்று பின்னேரம் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கப் போகவேண்டியிருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது.

பணியாரம் முழுவதும் குப்பைக்கு. பிறகு டப்பாவைக் கழுவி வைத்தேன், திருப்பிக் கொடுக்கவேண்டும். இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ.


ஜூலை 8, சனி

மழை இல்லை, வெயிலும் இல்லை. கராஜ். பெட்டி 9 முடிந்தது.

அதில் எண்பத்து மூன்றின் கடதாசிகள். கொழும்பில் எங்கள் சனத்தை எரித்த அந்த ஆடி. இங்கே எங்களுக்கு ஊர்வலம் எப்படிப் போவது என்றே தெரியாது. பொலிசில் யாரிடம் கேட்பது, ஒலிபெருக்கி யாரிடம் இருக்கிறது, ஒன்றும் தெரியாது. மார்கரெட்டின் குழுவிடம் போனோம். போய்க் கேட்டது நானும் இவரும் பரமசாமி அண்ணையும். மண்டபம் தந்தார்கள், பிரதி எடுக்கும் இயந்திரம் தந்தார்கள், தங்கள் பழைய பதாகைகளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார்கள். மழையில் குவீன் வீதியில் நடந்தபோது எங்கள் ஆட்களைவிட அவர்கள்தான் கூட. அந்தப் படம் இருக்கிறது. ப. முன்வரிசையில். தர்மு கடைசியில், எங்களோடு அல்ல, அவர்களோடு.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கடிதத்தைப் பற்றி அப்போது ஒரு சொல் அவர்கள் கேட்கவில்லை. இன்று மா.விடம் கேட்டேன், அது உனக்கு நினைவிருக்கிறதா என்று. நினைவிருக்கிறதாம். தன் சொந்தத் தம்பி எழுதியது இதைவிட மோசமாம், அதுவும் எட்டாம் பெட்டியில்தானாம், உள்ளேயே இருக்கட்டும் என்றாள். பிறகு தேநீருக்குப் பிஸ்கட் இருக்கிறதா என்று தடவித் தேடினாள். யார் தட்டச்சு செய்தது என்று அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. நான் சொல்லவில்லை.

சொல்லவில்லை மட்டுமா. அவள் பிஸ்கட் தேடிய நேரம் கடிதத்தை எடுத்து என் கைப்பைக்குள் வைத்தேன். புரை விழுந்த கண்ணுக்கு முன்னால். இவ்வளவு எழுதிவிட்டு, பரமசாமி அண்ணையைத் திட்டித் தீர்த்துவிட்டு, அவர் கேட்டதைத்தான் செய்திருக்கிறேன். எலிகூட மறைவில்தான் தின்றது.

பை இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில். இவரிடம் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. இனி அதைப்பற்றிக் கதைக்காதையும்."

நல்லதாம்.


ஜூலை 9, ஞாயிறு

மனுரேவா, தர்மு வீடு. தனியாகப் போனேன், இவர் வரமாட்டார். கடிதம் பையில்.

தர்முவைக் கண்டு ஒரு வருஷத்துக்கு மேல். தொழிற்சாலையை மூடியபின் ஒரு பண்டசாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். மனைவி சமோவாத் தீவுக்காரி, பிள்ளைகளோடு சர்ச்சிலிருந்து இன்னும் வரவில்லை. இவன் பின்பக்கத்தில் துருவுபலகையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். சமோவாக்காரர் வீட்டிலும் எங்களுடையது மாதிரியே பலகை. எழும்பாமலே சிரித்தான்.

கடிதத்தைக் கொடுத்தேன். நான் அடித்தது என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க யோசித்து ஒன்றும் கிடைக்கவில்லை.

வாசிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தான். அதற்குள் நகல். முகாமையாளர் அந்தக் கிழமையே கூப்பிட்டு வாசித்துக் காட்டி, அவன் கையிலேயே கொடுத்தாராம். வேலையை விட்டு நிறுத்த யூனியன் விடாது. அதனால் அந்தக் குளிர்காலம் முடியும்வரை குடல் கழுவும் பகுதிக்கு மாற்றினாராம். உன் ஆட்களே உன்னை வேண்டாம் என்கிறார்களே என்று போர்மன் ஒவ்வொரு நாளும் கேட்பாராம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். வந்தால் கை மணக்கும். சோப்பு எத்தனை தரம் போட்டாலும் போகாது. நான்தான் தேசிக்காய் வெட்டிக் கொடுத்து, நகத்துக்குள் நன்றாகத் தேய்க்கச் சொல்வேன். முந்தி இல்லாத மணம் இப்போது ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவன் போனபின் கதவைத் திறந்துவிட்டு ஊதுபத்தி கொளுத்தினேன்.

"அடியில என்ர எழுத்து இருந்ததைப் பார்க்கேல்லையே?"

"அண்டைக்கே பார்த்தனான், அக்கா. என்ர வேலை விண்ணப்பமும் நீங்கள்தானே அடிச்சுத் தந்தனீங்கள். அதிலயும் அப்பிடித்தான் போட்டிருந்தது."

"தெரிஞ்சும் ஏனப்பா வந்தனீர்?"

தேங்காய்ப்பூவைக் கோப்பையிலிருந்து சட்டிக்கு மாற்றினான். யோசித்துப் பார்த்துத்தான் சொன்னான்.

"பசிச்சது."

கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. இருந்திருந்தால் அழுதுவிட்டாவது வந்திருக்கலாம்.

கடிதத்தைத் திருப்பித் தந்து, இது பெட்டிக்குள் போகவேண்டும் என்றான். டின்னிலிருந்து இன்னொன்றும் எடுத்தான். சங்க அங்கத்தவர் அட்டை, எண்பத்தொன்று, பரமசாமி அண்ணையின் கையெழுத்தோடு. அதையும் பக்கத்தில் வைக்கச் சொன்னான். பட்டியலில் அவன் பெயரை விட்டுவிடவா என்று கேட்டேன். வேண்டாமாம். "நான் செய்யாததை ஒண்டும் கடிதத்தில எழுதேல்லையே" என்றான்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். நேரமாகிறது என்று பொய் சொன்னேன்.


ஜூலை 11, செவ்வாய்

அரைநாள் லீவு. தூறல். மா. வாசலில் பிளாங்கற்றைப் போர்த்துக்கொண்டு நின்றாள்.

காலை எட்டுக்கே போய் எட்டாம் பெட்டியைத் திறந்து கடிதத்தை இருந்த இடத்தில் வைத்தேன். அட்டையை ஒரு கடித உறையில் போட்டு அதோடு. மா.விடம் சொன்னேன், அடித்தது நான், சனிக்கிழமை எடுத்தது நான், திருப்பி வைத்ததும் நான். என் முகத்துப் பக்கமாகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, பட்டியலில் எழுது" என்றாள். தேநீரும் கேட்கவில்லை.

ப.வுக்கு நேற்றே வேலையிலிருந்து ரெலிபோன் எடுத்துச் சொல்லியாயிற்று. சமூகத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டேனாம். இவர் நேற்று இரவிலிருந்து சோற்றைத் தானே போட்டுச் சாப்பிடுகிறார்.

வான் பத்தரைக்கு. ஒன்பது பெட்டி, ஹெல்மெற் தனியாக. நூலகத்துப் பெண் சின்னவள், இருபத்தைந்து இருக்கும். பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டு வந்தவள் பெட்டி 8இல் நின்றாள். தட்டச்சு செய்தவர் பெயரை வழக்கமாக எழுதுவதில்லையே, இது அவசியமா என்றாள். அவசியம் என்றேன். எழுத்துகளாக வேண்டாம், முழுப் பெயராக இருக்கட்டும் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன். பாதியில் நிமிர்ந்து, "இது நீங்களா?" என்றாள். ஆம்.

எவ்வளவு துணிச்சல் உங்களுக்கு என்றாள். கையைப் பிடித்துக் குலுக்கினாள். விடாமல் குலுக்கினாள். எனக்கு ஓடிப்போய்க் கை கழுவவேண்டும் போல இருந்தது.