அசனத்தில் எழுந்து போனவள்

பாளையங்கோட்டை

அன்பு மகள் ஸ்வீட்லினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த வெயிலில் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் நீயும் அம்மாவும் அழுதுவிடுகிறீர்கள், எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை, அதனால் எழுதுகிறேன். உன் தம்பி சுபின் இதைப் படமெடுத்து அனுப்புவான்.

ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. போன சனிக்கிழமை நம் கோயிலில் அசனம், சபை முழுவதும் பந்தியில் உட்கார்ந்தது. குழம்பில் உப்புக் கூடிவிட்டது, ஜனங்கள் வயிறு நிறையச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் குறை சொன்னார்கள். போதகர் கிருபைராஜ் வழக்கம்போல வாளியைத் தூக்கிப் பரிமாறினார். பெரிய ஆட்கள் குனிந்து பரிமாறுவது நம் சபை வழக்கம். அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் தெற்கு சூடானிலும் நீ அப்படிச் செய்தாய் என்று நினைக்கிறேன். சண்டையில் எரிந்த வீடுகளை உங்கள் மிஷன் இரண்டு பக்கத்து ஆட்களையும் சேர்த்து வைத்துக் கட்டுகிறது, பாதி வீட்டுக்குக் கூரை போட்டுவிட்ட சந்தோஷத்தில் ஊருக்கே அசனம் வைத்தாய், சரி. கொளுத்தியவர்கள் கையில் வாளியைக் கொடுத்து, பறிகொடுத்தவர்களுக்குப் பரிமாறச் சொன்னாயே, அது நம் ஊர்ப் புத்தி. புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் வெட்டுக்குப் பறிகொடுத்த பெண் தட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள், அவள் பின்னால் அவள் ஜனமும் போயிற்று, வேலை நின்றுவிட்டது. எல்லாம் என்னால்தான், ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

நானாக இருந்தாலும் எழுந்துதான் போயிருப்பேன். எதிர்வீட்டுப் பாக்கியசீலன் சுவரை அரையடி தள்ளிக் கட்டியதற்கே நான் அவரோடு பேசுவதில்லை.

நீ வருகிறாய் என்றதும் அம்மா மாடி அறையைக் கழுவிவிட்டு, உனக்குப் பார்த்த களக்காட்டு மாப்பிள்ளை வீட்டுக்கும் ஆள் அனுப்பிவிட்டாள். நீ திரும்பி வர வேண்டும் என்பதுதான் நீ போன நாள் முதல் அவள் ஜெபம். நடந்ததை நான் அவளிடம் முழுசாகச் சொன்னேன். மறுநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "அவ வாங்காமப் போனது சரிதான். இவ எதுக்கு அவளை அங்கன கொண்டுபோய் உக்கார வச்சா? அப்புறம் போய் ஒரு வார்த்த சொன்னாளா? பேரு என்னன்னுகூட நம்மகிட்ட சொல்லலியே" என்றாள். பிறகு என்னைக் கேட்காமலே டவுனுக்குப் போய் ஒரு கைத்தறிச் சேலை வாங்கி வந்தாள், அந்தப் பெண்ணுக்காம். அவளுக்குக் கட்டத் தெரியாதே என்றேன். "நம்ம புள்ள கட்டி விடட்டும்" என்றாள். பேர் தெரியாததால் பார்சலில் உன் பேரைத்தான் எழுதினேன்.

கொடுக்கும்போது மன்னிப்பு, சமாதானம் என்று ஆரம்பிக்காதே. அங்கே உட்கார வைத்தது என் தப்பு என்று மட்டும் சொல். வாங்காவிட்டால் எடுத்துக்கொண்டு திரும்பிவிடு, இன்னொரு நாள் போ.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பார்சல் உங்கள் மிஷனின் நைரோபி ஆபீஸ் வழியாக வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன், ஆகட்டும் என்றாள். அதனால் இப்போது டிக்கெட் போடாதே, களக்காட்டுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெபசீலன்