நாலாம் தொகுதி எலிகள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. மேற்கே மலையில் சாரல் என்கிறார்கள். வண்ணார்பேட்டைக்கு வந்து சேர்வது புழுதி மட்டும். பெருநாள் கறி இரண்டு டப்பா இன்னும் ஃபிரிட்ஜில். உம்மாவுக்கு உப்பு ஆகாது என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை.

ஆய்வகம் 8.40. ஐந்தாம் தொகுதி, பன்னிரண்டு எலிகள். வாலில் பட்டை மாட்டி ரத்த அழுத்தம் பார்த்தது. அத்தனையும் இருநூறுக்கு மேல். மூளைக்குள் மருந்து போனவை, வெறும் உப்புநீர் போனவை, வித்தியாசமே இல்லை. பிறவியிலேயே கொதிப்புள்ள இனம்தான். ஆனாலும் மருந்து போனவை இறங்கியிருக்க வேண்டும். மூன்றாவது எலி பட்டை மாட்டும்போதே மூத்திரம் பெய்தது. நான்காவது கடித்தது. வலது கட்டைவிரல். மருந்து, பிளாஸ்திரி.

ஏஜென்சி அனுப்பியிருக்கும் புது ஆள் முருகன் எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிறார். அப்படித் தூக்கக் கூடாது என்றேன். "எலிதான மேடம்" என்றார்.

முருகனுக்கு முன் எலிகளைப் பார்த்துக்கொண்ட சூசை அண்ணாச்சி இருந்த ஆறு வருஷத்தில் எந்த எலியும் என்னைக் கடித்ததில்லை. தினமும் காலையில் ஒவ்வொன்றையும் எடுத்து, சட்டைக்குள் விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் மேசைக்குக் கொண்டுவருவார். அது வேலைப் பட்டியலில் கிடையாது. நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

அவரை வேலையை விட்டு அனுப்பி இரண்டு மாதம். அனுப்ப வைத்தது நான்.

ஜூன் 10, செவ்வாய்

மின்சாரம் இரண்டு முறை போனது. எலி அறை ஏசி நின்றால் அளவெல்லாம் வீண். இன்று அளவு எடுக்கவில்லை. சீக்கிரம் வீடு.

உம்மா மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டது: "ஏளா ரஹ்மத்து, எலிக்குப் பிரஷர் பாத்து யாருக்கு என்ன ஆவப் போவுது?"

சொன்னேன். உடம்பு ஒரு சின்னப் புரதத் துண்டைச் செய்கிறது. பெப்டைடு என்று பெயர். அது ரத்தக் குழாயை இறுக்கும். அது மட்டும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். மூளைக்குள்ளும் அது வந்து உட்கார இடம் இருக்கிறது, ஏற்பி என்போம். உட்கார்ந்ததும் மூளை "ஏத்து, ஏத்து" என்று இதயத்துக்கும் குழாய்க்கும் ஆள் அனுப்பும். கொதிப்புள்ள எலிகளில் இந்த வேலை ரொம்ப மும்முரம். அந்த இடத்தில் வேறு மருந்தை உட்கார வைத்துவிட்டால் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கிறேன். நீ சாப்பிடுவதும் அந்த வகை மாத்திரைதான்.

உம்மா யோசித்துவிட்டு: "பயந்தாலும் ஏறும்லா?"

"ஏறும். பயமும் மூளை வழியாத்தான போவுது."

"அப்போ எலி பயப்படாம இருக்கான்னு மொதல்ல பாரு."

பத்தாம் வகுப்புத் தாண்டாத உம்மா. ஐந்தாம் தொகுதியில் என்ன கோளாறு என்று நான் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

தீவன மூட்டை வந்து இறங்கியது. முருகன் லீவு. நானே உள்ளே அடுக்கினேன். முதுகுவலி.

பழைய மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு. அட்டையில் மாதா படம் ஒட்டியது. சூசை அண்ணாச்சியின் கையெழுத்து. கூண்டு கழுவிய ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம். கூண்டு எண், அதில் இருந்த எலியின் காது அடையாளம் (இடது ஒரு வெட்டு, வலது இரண்டு வெட்டு, இப்படி), எடை. கழுவும் முன் ஒரு டிக், கழுவித் திரும்ப வைத்தபின் ஒரு டிக்.

மார்ச் பக்கங்களை எடுத்தேன். நாலாம் தொகுதி. என் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக. பன்னிரண்டும் சரி. எல்லா நாளும் சரி. எந்த எலியும் எந்தக் கூண்டுக்கும் மாறவில்லை.

ஏப்ரலில் துறைக்கு நான் எழுதிக் கொடுத்தது மனப்பாடமாகவே இருக்கிறது: "கூண்டுகளைச் சுத்தம் செய்யும்போது பணியாளரின் கவனக்குறைவால் எலிகள் இடம் மாறியுள்ளன. ஆகவே நாலாம் தொகுதியின் முடிவுகள் தலைகீழாக உள்ளன."

உப்புநீர் போட்டவற்றில் அழுத்தம் இறங்கியிருந்தது. மருந்து போட்டவை அப்படியே. தலைகீழ். மூன்று தொகுதி ஒழுங்காக வந்தபின் நாலாவது மட்டும் இப்படி வந்தால் யாரோ எதையோ மாற்றி வைத்திருக்க வேண்டும். அந்த யாரோ நானாக இருக்கலாம் என்று ஏன் தோன்றவில்லை?

நோட்டை என் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

எதுவும் சாப்பிடாமல் ஆய்வகம். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு. மார்ச் மாதக் குழாய்களில் மிச்சம் இரண்டு இருந்தன.

சிவப்பு மூடி மருந்து. நீல மூடி உப்புநீர். எந்த நிறம் எதுவென்று நிரப்புகிறவருக்கு மட்டும்தான் தெரியும். நிரப்புகிறவர் ஒருவர், ஊசி போடுகிறவர் வேறொருவர். நிரப்பியது எப்போதும் நான்.

பக்கத்து அறை பகுப்புக் கருவியில் இரண்டையும் ஓடவிட்டேன். நாற்பது நிமிஷம். திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீலத்தில் மருந்து. சிவப்பில் உப்புநீர்.

திரும்ப ஓடவிட்டேன். அதேதான்.

அது நோன்பு மாதம். மயக்கத்தில் மூடி மாறியிருக்கும் என்று மனம் காரணம் தேடுகிறது. வேண்டாம். ஊரே நோன்பு வைத்தது. யாரும் குழாயை மாற்றவில்லை.

செய்யாமல் விட்டவை:
- குழாயை ஏப்ரலிலேயே ஓடவிட்டிருக்கலாம். நாற்பது நிமிஷ வேலை.
- காது அடையாளத்தைப் பார்த்திருக்கலாம். எலிகள் அப்போது உயிரோடு இருந்தன.
- அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

மூன்றாவதுதான் உறுத்துகிறது. கேட்டிருந்தால் இந்த நோட்டை எடுத்துக் காட்டியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ. அவர் மாற்றவில்லை என்றால் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

ஜும்ஆ முடிந்து தெருவில் கூட்டம். உம்மா சோற்றைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தது.

ஜூன் 14, சனி

துறைத்தலைவர் அறை. 11 மணி. என் ஆய்வேட்டுக்கு வழிகாட்டியும் அவர்தான். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் பேசச் சுலபமாக இருந்திருக்கும்.

நோட்டு, கருவி அச்சடித்த தாள் இரண்டையும் மேசையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலாம் தொகுதிய எடுத்துருங்க. மூணு தொகுதி போதும். எழுதி முடிச்சு இந்த வருஷமே குடுத்துரலாம்."

"சூசை அண்ணாச்சி சார்?"

"அவர் எங்கயோ வேலைல இருப்பாரும்மா. கான்ட்ராக்ட் ஆளுதான. இப்போ நீங்க இத எழுதிக் குடுத்தா மத்த மூணு தொகுதியிலயும் குழாய் சரியான்னு கேப்பாங்க. எல்லாத்தையும் திரும்பச் செய்யணும். யோசிச்சிக்கிடுங்க."

யோசித்தேன். முதல் மூன்று தொகுதிக்கு மிச்சக் குழாய் இல்லை. சரியாகத்தான் இருந்திருக்கும். நிரூபிக்க முடியாது. ஆறு வருஷ வேலை.

வெளியே வந்து முகம் கழுவினேன். அலுவலகப் பழைய பதிவில் அண்ணாச்சியின் முகவரி. சீவலப்பேரி. ஆறு வருஷம் பக்கத்தில் நின்ற ஆளின் ஊர் இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஜூன் 15, ஞாயிறு

டவுன் பஸ். வெயிலும் காற்றும். வழியெல்லாம் கார்ப் பருவ நெல் நடவுக்கு உழுது தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். ஆப்பிள் ஒரு கிலோ வாங்கியிருந்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு அது வெட்கமாக இருந்தது. நோயாளியைப் பார்க்கப் போகிறமாதிரி.

வீட்டு வாசலில் அவர் மனைவி செல்வராணி. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னதும் குடத்தைக் கீழே வைத்தார்.

"நீங்கதானா அது."

உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். அண்ணாச்சி வந்தார். கறுத்து, மெலிந்து, கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, "வாங்க மேடம், உக்காருங்க" என்றார். என் முன்னால் எப்போதும் நின்றமாதிரியே நின்றார்.

நிற்கும்போதே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயம். குழாய் மாறியது. நான் மாற்றியது. உங்கள் நோட்டைப் பார்த்தேன். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அண்ணாச்சி முழுக்கக் கேட்டார். பிறகு:

"அந்த நோட்டு இருக்கா? தீவன அறையில வச்சிருந்தேன். எடுக்க விடல. அன்னைக்கே வெளிய போகச் சொல்லிட்டாங்க."

"இருக்கு அண்ணாச்சி." கொடுத்தேன். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"நீங்க எழுதிக் குடுத்தது கூடப் பரவாயில்ல மேடம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."



செல்வராணி நடுவில் வந்தார். அவர் சத்தம் போடவில்லை. "இவுக கடக்கரையில பொறந்தவுக. வரப்பு வெட்டத் தெரியாது, நாத்துக்கட்டு தூக்கத் தெரியாது. இந்த வயசுல பழகுதாக. அது கெடக்கட்டும். காலேஜுல மருந்தத் திருடி வித்தாகன்னு ஊருக்குள்ள பேசுதாங்க. கோயில்ல எங்க பக்கத்துல உக்கார யோசிக்காங்க. அதுக்கு என்ன செய்யப் போறிய?"

திருட்டு என்று நான் எழுதவே இல்லை. அதைச் சொல்ல வாய் வந்தது. நல்லவேளை சொல்லவில்லை. கவனக்குறைவு என்று நான் எழுதியது சீவலப்பேரி வந்து சேர்வதற்குள் திருட்டாகியிருக்கிறது.

"ஆபீஸ்ல உண்மையை எழுதிக் குடுக்குதேன்" என்றேன்.

"இங்கிலீசுல குடுப்பிய. அவங்க உள்ள வச்சுப் பூட்டுவாங்க. தமிழ்ல ஒண்ணு எங்க கையில குடுங்க."

கிளம்பும்போது அண்ணாச்சி பஸ் நிறுத்தம் வரை வந்தார். எலிகளைப் பற்றிக் கேட்டார். "காது ரெண்டும் வெட்டுன ஒண்ணு இருக்கும். தலையில டியூப் வச்ச பெறகு சரியாத் திங்காது. கையில வச்சாத்தான் திங்கும்."

"மூளை எடுத்தாச்சு அண்ணாச்சி. பன்னிரண்டையும்."

தலையாட்டினார். பிறகு: "இப்ப உள்ளதெல்லாம் எப்படி?"

கட்டைவிரலைக் காட்டினேன்.

"உங்க கை குளுந்து கெடக்கும் மேடம். ஏசியில இருந்து வாரிய. பைய எடுக்கணும். மொதல்ல கையைச் சூடாக்கிக்கிடுங்க."

பஸ்ஸில் ஆப்பிள் பை மடியிலேயே இருந்தது. கொடுக்க மறந்திருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

கடிதம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். கருவித் தாள், சனிக்கிழமையே எடுத்து வைத்த நோட்டின் நகல் இணைப்பு. துறைத்தலைவர் வாசித்து, தேதி போட்டு வாங்கிக்கொண்டார். கோபம் இல்லை. களைப்பு.

"இந்த வருஷம் ஆய்வேடு கிடையாது, தெரியும்லா?"

"தெரியும் சார்."

"மூணு தொகுதியும் திரும்ப."

"செய்யுதேன் சார்."

அலுவலகக் கண்காணிப்பாளரிடம் அண்ணாச்சியைத் திரும்ப எடுப்பது பற்றிக் கேட்டேன். அந்த இடம் ஏஜென்சிக்குப் போய்விட்டதாம். வயதும் ஒரு தடையாம். ஏஜென்சியில் விண்ணப்பம் போடலாம், அவர்கள் முடிவு. பைலை மூடிவிட்டார்.

மதியம் ஐந்தாம் தொகுதி. வெந்நீரில் கையை வைத்திருந்துவிட்டு எடுத்தேன். மூன்று எலி கொஞ்சம் அடங்கியது. மற்றவை இல்லை. இரண்டு நாளில் வருகிற கை அல்ல அது.

ஜூன் 19, வியாழன்

தமிழ்க் கடிதம். நாலு தடவை கிழித்தேன். "தவறு நேர்ந்துவிட்டது" என்று முதலில் வருகிறது. நேர்ந்துவிட்டதாம், மழை பெய்ததுபோல. அடித்தேன். "எங்கள் தரப்பில்." அடித்தேன். "மருந்துக் குழாய்களை மாற்றி நிரப்பியது நான். திரு. சூசை எந்தத் தவறும் செய்யவில்லை. எதையும் எடுக்கவில்லை. அவரை விசாரிக்காமல் அவர் மீது பழி எழுதிக் கொடுத்ததும் நான்."

ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் ஆனது, தமிழில் ஆறு வரிதான்.

உம்மா: "யாருக்குளா கடுதாசி?"

சொன்னேன், முதலிலிருந்து. கேட்டுவிட்டு, "அந்தச் செல்வராணிப் புள்ளைக்கு மக்கமாரு உண்டா?" என்றது. தெரியாது என்றேன். அதையும் நான் கேட்டதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சாரல் இன்றைக்கு இங்கேயும் லேசாக. சீவலப்பேரி போய்ச் சேரும்போது அவர்கள் கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். செல்வராணி வெள்ளைச் சேலை. அண்ணாச்சி இஸ்திரி போட்ட சட்டை. பின்னால் வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்தார்கள்.

செல்வராணியிடம் கொடுத்தேன். வாசலிலேயே நின்று, உதடு அசைய வாசித்தார். இரண்டாம் முறையும். பின்னால் வந்தவர்களில் ஒரு பெண் அருகே வந்து எட்டிப் பார்த்தாள். "நீயும் வாசி" என்று அவளிடம் நீட்டினார். அவள் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இத நீங்களே எழுதினியளா?" செல்வராணி என்னிடம்.

"நானே."

"ஏப்ரல்ல ஒண்ணு எழுதிக் குடுத்தியளே, அது எங்க?"

"ஆபீஸ்ல. பைல்ல இருக்கு."

"அத எடுத்துருவாங்களா?"

"எடுக்க மாட்டாங்க. அதுக்கு மேல நான் இப்ப குடுத்ததையும் வச்சிருப்பாங்க."

"அப்போ ரெண்டும் இருக்கும்."

"ஆமா."

தாளை நாலாக மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணாச்சி வாசலில் நின்றார். சாரலில் சட்டை நனைந்துகொண்டிருந்தது. உள்ளே வாங்க என்று இந்த முறை அவரும் சொல்லவில்லை.

"பஸ் வந்துரும் மேடம்" என்றார்.