இடது எரியுதா?

ஏப்ரல் 27, ஞாயிறு

மீன்பிடிப் பருவம் திறக்க இன்னும் இரண்டு வாரம். டுவேன் காருக்குள் உட்கார்ந்து ஸ்விட்சைப் போட்டான். நான் படகு டிரெய்லருக்குப் பின்னால் பனிச்சேற்றில் நின்றேன். மினசோட்டாவில் கல்யாணம் என்றால் இதுதான்: புருஷன் உள்ளே, பெண்டாட்டி பின்னால்.

"இடது எரியுதா?"

"எரியுது... இல்ல, அணைஞ்சிருச்சு."

"ரெண்டுல ஒண்ணச் சொல்லித் தொலையேன்!"

பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து மங்குகிறது. எர்த் பிடிக்கவில்லை, வேறொன்றுமில்லை. அதற்கான வெள்ளை வயரை டிரெய்லர் இரும்பின் துருவின் மேலேயே முடுக்கியிருக்கிறான். பனிவண்டித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வயர் இணைத்தவள் நான். சொல்லிப் பார்த்தேன்.

"நீ யோசிக்காத வெர்னா. கண்ணுல பட்டத மட்டும் சொல்லு."

மே 3

புது பல்பு வாங்கி வந்தான். போன வருடம், டிரெய்லர் லைட்டுக்குக் காரிலிருந்து கரண்ட் தரும் செருகியைக் கழற்றாமலே டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கினான். சூடாக இருந்த பல்பு இரண்டும் ஐஸ் தண்ணீர் பட்டு வெடித்தன. இறங்குதுறையே சிரித்தது. "இவதான் கழட்ட மறந்துட்டா" என்று என்னைக் கைகாட்டினான். நானும் சிரித்து வைத்தேன்.

இன்று வயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினான். புது பல்பும் மங்குகிறது.

மே 6

அவன் வெளியே போனபோது துருவைச் சுரண்டி, எர்த்தைப் புது ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். பத்து நிமிடம். பளிச்சென்று எரிந்தது.

மே 7

கண்டுபிடித்துவிட்டான். என் இணைப்பை வெட்டிக் குப்பையில் போட்டான். பக்கத்து வீட்டு ஆர்லோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "என் வண்டியில கை வச்சே, கைய ஒடிச்சிருவேன்!" ஆர்லோ சிரித்தான். பிறகு டுவேன் பழையபடி தானே மாட்டினான்.

மே 9, வெள்ளி

"இடது?"

"எரியுது."

"வலது?"

"எரியுது."

"பிரேக்?"

"எரியுது."

எதுவுமே எரியவில்லை. ஒரு பல்புகூட.

"பாத்தியா? நான் கை வச்சா வச்சதுதான்."

அவனுக்கு சாண்ட்விச் கட்டி வைத்தேன். எனக்கு என்னதான் வேண்டும்? வழியில் போலீஸ்காரர் நிறுத்தி அபராதம் போடட்டும், அவன் மூஞ்சி தொங்கட்டும். அவ்வளவுதானா? அவ்வளவுதான்.

இல்லை. அதுவும் பொய்.

மே 10, சனி

விடியுமுன் கிளம்பினான். மூடுபனி. ஜன்னலிலிருந்து கொட்டகையே தெரியவில்லை. கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். காபி குடித்தேன்.

ஏழரைக்குப் போன் வந்தது.

மே 11

மரம் ஏற்றிவந்த லாரி. பின்னாலிருந்து மோதியிருக்கிறது. படகு காருக்குள்ளேயே ஏறிவிட்டது. இடுப்பெலும்பும் வலது காலும் நொறுங்கிவிட்டன. பிழைத்துக்கொள்வான்.

"லைட்டே இல்லன்னு லாரிக்காரன் சத்தியம் பண்றான். எரிஞ்சுதாம்மா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"நானே பின்னால நின்னு பாத்தேன். எல்லாம் எரிஞ்சுது."

டுவேன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். காரை விட்டு இறங்கிப் பார்க்காமல் ஓட்டினேன் என்று இவனாவது சொல்வதாவது!

ஜூன் 20

லாரிக்காரனுக்கு வேலை போய்விட்டது. லைசென்ஸும் போய்விட்டது. இருபத்தாறு வயதாம். மளிகைக் கடையில் யாரோ அவன் பெயரைச் சொல்ல வந்தார்கள். நான் கடையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் ராட்சசி. எழுதிப் பார்த்தேன். எழுதியும் ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

ஆர்லோ தன் பழைய படகையும் டிரெய்லரையும் கொடுத்தான். ஒரு வாரம் குனிந்து, வயர் அத்தனையும் புதிதாக இழுத்தேன். நாளை விடியுமுன் ஏரிக்கு நான் ஓட்டிப் போகிறேன். தனியாக.

நான் என் காருக்குள் உட்கார்ந்து, டுவேனைப் பின்னால் நிற்க வைத்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு புல்லில் நின்றான்.

"யோசிக்காத. கண்ணுல பட்டத மட்டும் சொல்லு" என்றேன். எத்தனை நாள் காத்திருந்தேன் இதைச் சொல்ல!

"இடது எரியுதா?"

"எரியுது."

"வலது?"

"எரியுது."

"பிரேக்?"

"எரியுது வெர்னா. எல்லாமே எரியுது."

இறங்கிப் போனேன். டிரெய்லரின் செருகி தரையில் கிடந்தது. காரில் மாட்டவே மறந்திருக்கிறேன். ஒரு பல்புகூட எரிந்திருக்காது.

டுவேன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு சாண்ட்விச் கட்டித் தரட்டுமா?" என்றான். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக.